பழைய டிராக்டர் டிரெய்லரின் மேல் நாடோடி வண்டி வீடு

கேள்வி (காரிமங்கலம்): எங்கள் களத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் இரு சக்கர டிராக்டர் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தின் மேல், இங்கிலாந்தில் ரோமானி மக்கள் குதிரை பூட்டி ஓட்டிய ‘வார்டோ’ போல, வளைந்த கூரையுடைய சிறு வண்டி வீடு கட்ட விரும்புகிறேன். ஒகேனக்கல் பக்கம் குடும்பத்துடன் சென்று தங்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் (ஓசூர்): ஐயா, மரம் வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வெல்டிங் இணைப்புகளையும் சக்கர அச்சு பொருந்தும் இடங்களையும் சுத்தியலால் தட்டினால், துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே ஒட்டுப் போடாமல் வெட்டி மாற்றுங்கள். என் முதல் வண்டியில் கட்டிலையும் தண்ணீர்த் தொட்டியையும் பின்புறம் வைத்துவிட்டேன். வேகம் கூடியதும் வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கி எங்களை நடுங்க வைத்துவிட்டது. ஆகவே, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியுடன் இணைக்கும் முன்பக்கக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லருடன் தொப்பூர் கணவாயில் இறங்கவே கூடாது.

பதில் (பாலக்கோடு): கூரை வளைவுக்கு, மெல்லிய பிளைவுட் கீற்றுகளை வளைவு வடிவ அச்சில் வைத்து வளைத்து, பசையிட்டு அடுக்கி, இறுகக் கட்டிக் காயவிடுங்கள், மேலே கித்தான் போதும். இடப்புறம் செல்லும் நம் சாலைகளில் புளியங்கிளைகள் இடிக்காதிருக்க, அடுப்பின் புகைபோக்கியை வலப்புறம் வையுங்கள். ரோமானி வண்டிகளிலும் அப்படித்தான் வைத்தார்கள்.

பதில் (கிருஷ்ணகிரி): பதிவான டிரெய்லரின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே, வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குச் செல்லுங்கள்.