மூன்று வயது, ஆறு வயதுப் பிள்ளைகளோடு அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய கைவேலைகள் எவை?

கொங்குத்தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று வயது. விடுமுறை நாள்களில் இருவரும் கைப்பேசியே கதியென்று இருக்கக் கூடாது என்பதற்காக, இணையத்தில் விற்கும் கைவினைப் பெட்டிகள் சிலவற்றை வாங்கிக் கொடுத்தேன். விலையும் அதிகம், எல்லாவற்றையும் முன்பே வெட்டி வைத்திருப்பதால் பிள்ளைகளுக்கு ஒட்டுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. நுணுக்கமான பகுதி வந்தால் அது என் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, பெரும்பகுதியைத் தாங்களே செய்யும்படியான வேலைகளை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். சின்னவன் கையில் கிடைப்பதை இன்னும் வாயில் வைத்துப் பார்க்கிறான் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மழலைக்கூடம்

வணக்கம் சகோதரி. மழலையர் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் எழுதுகிறேன். மூன்று வயதுக் கைக்குக் கிழிப்பதும் பிசைவதும் பூசுவதும் அச்சுக் குத்துவதும் வரும். கத்தரி பிடித்து வெட்டுவதும் மடிப்பதும் பின்னுவதும் ஆறு வயதில் வரும். ஆகவே, ஒரே பொருளில் இருவருக்கும் வெவ்வேறு வேலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்பது மஞ்சள் தாள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, பழைய நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாள்களில் சின்னவனைப் பூசச் சொல்லி, காய வைத்துவிடுங்கள். பிறகு, குளியல் சோப்பை நன்றாகக் கரைத்த தண்ணீரில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து மகள் அதன்மேல் வரைந்தால், கோடு செந்நிறமாக எழும். அதன்மீது எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மீண்டும் மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே மாற்றம்தான் இதுவும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கெடுதல் என்பதால் பிள்ளைகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீல நீரிலும் எலுமிச்சை விட்டால் ஊதாவாகவும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகவும் மாறும்.

அச்சுக்கு முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்திதழ்ப் பூ கிடைக்கும். வாழைமட்டையை வெட்டினால் வலைபோன்ற கண்கள் பதியும். ஒட்டுவதற்கு, ஒரு கரண்டி மைதாவை ஆறு கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறி இறக்கிய பசையே நல்லது. சுவரொட்டிக்கும் புத்தகக் கட்டுக்கும் பசை காய்ச்சுவோர் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடவே கூடாது. துத்தமில்லாத பசையை ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

பிசைவதற்கு இரண்டு பங்கு மைதாவும் ஒரு பங்கு உப்பும் சேர்த்த மாவையும் செய்து கொடுக்கலாம்.

பின்னலாடை

உங்கள் ஊரிலேயே ஒரு புதையல் இருக்கிறது, அம்மா. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை எடை போட்டு விற்கிறார்கள். கிழிந்த டி-சட்டை இருந்தால் அந்தச் செலவுகூட இல்லை. பின்னல் துணியை அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டைகளாக வெட்டி, இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். நெய்த துணி இப்படிச் சுருளாது. நூல் நூலாகப் பிரிந்துவிடும். இழுக்கும் வேலை சின்னவனுக்கு. அதைப் பார்த்து அவன் சிரிக்காவிட்டால்தான் வியப்பு. மூன்று கயிறுகளைக் கதவுக் கைப்பிடியில் முடிந்து கொடுத்தால் மகள் சடை பின்னிவிடுவாள். நீளமான சடையைச் சுருட்டி, அடிப்பக்கம் நீங்கள் நாலு தையல் போட்டால் சூடான பாத்திரம் வைக்கும் மெத்தை கிடைத்துவிடும். ஒரு துண்டுத் துணியின் நடுவே பந்துபோல் துணியை வைத்து, கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, இரு மூலைகளைக் கைகளாக முடிந்தால் பொம்மை. பொத்தானைக் கண்ணாக வைக்காமல் பேனாவால் வரைந்துவிடுங்கள். வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பொத்தானும் மணியும் வேண்டாம்.

பனங்காடு

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், மகளே. எங்கள் வீடுகளில் பழைய காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டோம். கிழித்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் ஆட்டி, கவிழ்த்து வைத்த பானையின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வோம்; ஓட்டை விழுந்த முறத்தை மெழுகுவதும் அந்தக் கூழால்தான். வெந்தயத்தின் வழவழப்பு காகித நாரைப் பிடித்துக்கொள்ளும். அதன் கசப்பால் பூச்சியும் எளிதில் அண்டாது. புதுச்சேரியின் திருக்கனூரில் காகிதக்கூழில் பொம்மை செய்யும் தொழிலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் மிக்சியில் அரைத்துக்கொள்ளலாம். கிழிப்பதும், ஊறியதைப் பிழிவதும் சின்னவனுக்கு. கவிழ்த்த கிண்ணத்தின்மேல் எண்ணெய் தடவி, விரல் கனத்துக்கு மிகாமல் அப்புவது மகளுக்கு. நல்ல வெயிலில் காய்ந்ததும் கிண்ணத்திலிருந்து தானாகக் கழன்று வரும். பிறகு அரிசிமாவுக் கரைசலாலோ காவிக் கரைசலாலோ கோலம் வரையலாம்.

நேரமே இல்லாத நாளில் பூவரச இலை போதும். இலையை இறுகச் சுருட்டி ஒரு முனையை மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பீ. இளம் இலையைவிடக் கொஞ்சம் முற்றிய இலையில் சத்தம் நன்றாக வரும்.

கொங்குத்தாய்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பனியன் துணியை இத்தனை ஆண்டுகள் பார்த்திருந்தும் இப்படி யோசித்ததில்லை. இரண்டு ஐயங்கள். மாவில் அவ்வளவு உப்பு இருந்தால் சின்னவன் தின்றுவிட மாட்டானா? எங்கள் பால்கனியில் காலை வெயில் மட்டுமே வரும். காகிதக் கூழ் காய்வதற்குள் நாறிவிடாதா?

பனங்காடு

நாறும், ஈரம் அதிகமாக இருந்தால். கூழைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்த பிறகே வெந்தய விழுதைக் கலக்குங்கள். பெரிய கிண்ணத்தை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு அகல்போலச் செய்யுங்கள். இரவில் மின்விசிறிக்குக் கீழே வைத்து, அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். மேல்பக்கம் காய்ந்தவுடனே கிண்ணத்திலிருந்து கழற்றிவிட்டால் உள்பக்கத்துக்கும் காற்று கிடைக்கும்.

மழலைக்கூடம்

உங்கள் மகனுக்கு உப்பு மாவு வேண்டாம். நான் சொன்னது வாயில் வைக்கும் பழக்கம் விட்ட பிள்ளைகளுக்கு. அந்த அளவு உப்பு உள்ளே போவது சிறு குழந்தைக்கு ஆபத்து, பச்சை மைதாவும் நல்லதல்ல. கொதிக்கும் நீரில் அரிசிமாவைக் கொட்டிக் கிளறி, கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் எண்ணெய் தொட்டுப் பிசைந்து கொடுங்கள். பீட்ரூட் சாறு, மஞ்சள், முருங்கைக்கீரைச் சாறு ஆகியவை நிறத்துக்குப் போதும். ஆறியதும் விறைக்கும் என்பதால் ஈரத்துணியால் மூடி வையுங்கள், மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். படம் ஒட்டுவதற்குக் குன்றிமணி அழகாக இருக்கும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்; அதுவும் ஆமணக்கு விதையும் கடும் நஞ்சு. பயறு, புளியங்கொட்டை போன்றவை நஞ்சில்லை என்றாலும், அவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும்; மூக்கில் திணித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவற்றை மகளுக்கு மட்டும், தம்பி தூங்கும் நேரத்தில், நீங்கள் அருகில் இருக்கும்போது கொடுங்கள்.