ஒலிச்சுவருக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

கருந்தட்டு:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் தயாரித்த பாட்டுகளைக் கேட்டவர்கள் இங்கே பலர் உண்டு. பல வாத்தியங்களை ஒன்றாகக் குவித்து எதிரொலியோடு எழுப்பும் அவருடைய 'வால் ஆஃப் சவுண்ட்' (ஒலிச்சுவர்) ஒலியை அறுபதுகளில் மற்றவர்கள் எடுத்துச் செய்த பாட்டுகள் உங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தன? எழுதுங்கள். முதலில் என் கதை.

அவர் பாட்டுகளைத் தொகுத்து 1991-ல் வந்த 'பேக் டு மோனோ' சிடிப் பெட்டி பல வருடம் என் மேஜையை விட்டு இறங்கியதே இல்லை. காலையில் காபியோடு ரோனெட்ஸ், ராத்திரி ரைட்டியஸ் பிரதர்ஸ். 2009-ல் ஸ்பெக்டர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. லானா கிளார்க்சன் என்ற நடிகை 2003 பிப்ரவரியில் அவர் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. ரோனெட்ஸ் பாடகியும் அவர் மனைவியாக இருந்தவருமான ரோனி அவரிடம் பட்ட பாட்டையும் அதற்குள் படித்திருந்தேன். அதன்பிறகு அந்த சிடிக்களை எடுத்துப் போடக் கை வரவில்லை. பெட்டி பரணுக்குப் போனது. ஆனால் அந்தக் காஸ்டனெட் சத்தமும், தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருவது போன்ற டிரம்மும் காதை விட்டுப் போகவில்லை. பசி மாதிரி இருந்தது அது.

அந்தச் சமயத்தில் ஒரு நண்பர் 'ஃபில்ஸ் ஸ்பெக்டர்' என்று ஒரு சிடியைக் கையில் கொடுத்தார். லண்டனின் ஏஸ் ரெக்கார்ட்ஸ் 2003-ல் வெளியிட்டது. 2005-லும் 2007-லும் அடுத்த இரண்டு பாகங்கள் வந்தன. பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது: ஆங்கிலத்தில் 'ஸ்பெக்டர்' என்ற சொல்லுக்கு ஆவி என்று பொருள். அவர் வழியில் மற்றவர்கள் செய்த பாட்டுகளைத் தேடிச் சேர்த்த தொகுப்பு.

முதல் பாட்டு ஆரம்பித்ததும், தெரிந்தவர் ஒருவர் மாடிப்படி ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்பது போல இருந்தது. கதவைத் திறந்தால் நிற்பது வேறு ஆள். அந்த வேறு ஆளைப் பார்த்து எனக்கு வந்தது ஏமாற்றம் அல்ல, நிம்மதி. அந்த ஒலியை அந்த மனிதர் இல்லாமலும் கேட்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லப்போனால் அவர் ஒருவர் மட்டும் கட்டிய சுவரும் இல்லை அது. இசை ஏற்பாடு ஜாக் நிட்ஷே, ஒலிப்பதிவு லாரி லெவைன், டிரம் ஹால் பிளெய்ன். இவர்கள் கை மற்றவர்களின் பாட்டுகளிலும் இருக்கிறது. அப்புறம் நகல் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

எதிரொலி:

அண்ணா, நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன். இந்த ஒலியைச் செய்து பார்த்து, கெடுத்து, பிறகு கொஞ்சம் புரிந்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விளம்பரப் பாட்டு. 'அந்தக் கால அமெரிக்கப் பாட்டு மாதிரி பெரிசாக வேண்டும்' என்றார்கள். கிட்டார், கீபோர்டு, டிரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, எல்லாவற்றின் மேலும் கம்ப்யூட்டரில் ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) அள்ளிக் கொட்டினேன். வந்தது கூழ். எந்த வாத்தியமும் தெரியவில்லை, பெரிசாகவும் இல்லை. இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

பிறகுதான் ஸ்பெக்டர் பதிவு செய்த லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து படித்தேன். 1950-ல் டேவிட் கோல்டும் ஸ்டான் ராஸும் ஆரம்பித்த இடம். பெரிய கூடம் இல்லை, சிறிய அறை. அதற்குள் மூன்று நான்கு கிட்டார், இரண்டு மூன்று பியானோ, இரண்டு பாஸ், ஊதுகுழல்கள், டிரம், கையில் தட்டும் வாத்தியங்களோடு இன்னும் சிலர். கிட்டார்கள் எல்லாம் ஒரே வரியை ஒன்றாக வாசிக்கும். ஒருவருக்கு வைத்த மைக்கில் பக்கத்தில் இருப்பவரின் சத்தமும் கசியும். நாங்கள் பயந்து தடுக்கும் அந்தக் கசிவுதான் அங்கே ஆதாரம். நாலு கிட்டாரும் பியானோக்களும் ஒன்றாக வாசிக்கும்போது அவற்றுக்குள் இருக்கும் இம்மி வித்தியாசத்தால் அது கிட்டார் போலவும் கேட்காது, பியானோ போலவும் கேட்காது. புதிதாக ஒரு வாத்தியம் பிறக்கும். அந்தக் கலவையை ஸ்பீக்கர் வழியாக சிமென்ட் பூசிய தனி எதிரொலி அறைக்கு அனுப்பி, அங்கே ஒரு மைக் வைத்துத் திரும்ப எடுப்பார்கள். கடைசியில் எல்லாம் மோனோ, அதாவது ஒரே தடத்தில் சேர்ந்த ஒலி.

1962-ல் 'ஜிப்-அ-டீ-டூ-டா' பதிவில் எல்லா மைக்கும் எல்லை மீறிப் போக, லாரி லெவைன் மொத்தத்தையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். கிட்டார்காரர் பில்லி ஸ்ட்ரேஞ்சின் மைக் மட்டும் பாக்கி. இப்படியே போதும் என்று ஸ்பெக்டர் நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டில் வரும் கிட்டார் மற்றவர்களின் மைக்குகள் வழியாகக் கசிந்து வந்தது. இதைப் படித்தபோது நான் எங்கே தப்பு செய்தேன் என்று புரிந்தது.

மறுபடி செய்தேன். வாசிப்பவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தேன், மூன்று பேருக்கு ஒரே கிட்டார் வரி. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு மைக். காவலாளி ஐயா லிஃப்டை நிறுத்தி வைத்து உதவினார். அன்றைக்கு வந்த ஒலியைக் கேட்டு நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்பெக்டரின் அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அந்தச் சாதியில் பிறந்த ஒலி.

அதனால் அந்தத் தொகுப்புகளைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. கையில் கிடைத்த அறையை, கிடைத்த ஆட்களை வைத்து ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில பாட்டில் எதிரொலி சரி, தாளம் மெலிந்திருக்கும். சிலவற்றில் எல்லாம் சரியாக இருந்து, மெட்டு நிற்காது. அசலில் கண்ணுக்குத் தெரியாத தையல் இவற்றில் தெரியும். தொழில் கற்க அதுதான் வேண்டும்.

தேம்ஸ்கரை:

அண்ணை, நான் லண்டனில இருக்கிறன். பெர்விக் ஸ்ட்ரீட் பக்கம் பழைய ரெக்கோர்ட் கடையளுக்குப் போறது என்ர சனிக்கிழமை வழக்கம். அப்பிடி ஒருநாள் கடையில ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. இது ஸ்பெக்டர்தான் எண்டு நான் பந்தயம் பிடிக்கத் தயாரா நிண்டன். கடைக்காரர் உறையைத் திருப்பிக் காட்டினார்: வோக்கர் பிரதர்ஸ், 'த சன் எய்ன்ட் கோனா ஷைன் எனிமோர்', 1966. தயாரிச்சது ஜோனி ஃபிரான்ஸ், இசை ஏற்பாடு ஐவர் ரேமண்ட். இஞ்ச இங்கிலாந்தில முதலாமிடத்துக்கு வந்த பாட்டு. பாடின மூண்டு பேரும் அமெரிக்கர், ஆனா பாட்டுப் பதிஞ்சது லண்டனில. மார்பிள் ஆர்ச் பக்கம் ஃபிலிப்ஸ் ஸ்டூடியோ இருந்த தெருவால நான் எத்தினையோ தரம் வேலைக்குப் போயிருக்கிறன், தெரியாமலே.

பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின்ர 1963 பாட்டு 'ஐ ஒன்லி வோன்ட் டு பி வித் யூ'வும் அதே ரேமண்ட் ஏற்பாடுதான். இவையளின்ர சுவர் கொஞ்சம் வேற. லொஸ் ஏஞ்சலஸ் சுவரில வெய்யில் அடிக்கும், லண்டன் சுவர் ஈரமா இருக்கும். வோக்கர் பிரதர்ஸில ஒருத்தரான ஸ்கொட் வோக்கரின்ர குரல் அந்த ஈரத்துக்குள்ள இருந்துதான் வருது. எனக்கு இந்த ஈரம்தான் பிடிக்கும்.

செவ்வந்தி:

நான் பல வருடம் ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடியவள். உறையில் பெயர் வராது என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் இந்தப் பாட்டுகளை நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன்.

1962-ல் ஸ்பெக்டர் தயாரித்த 'ஹீ'ஸ் எ ரெபல்' முதலிடம் பிடித்தபோது உறையில் இருந்தது கிரிஸ்டல்ஸ் என்ற குழுவின் பெயர். பாடியது டார்லீன் லவ்வும் பிளாஸம்ஸ் பெண்களும். தன் குரல் இன்னொருவர் பெயரில் ரேடியோவில் வருவதைக் கேட்டுக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

1965-ல் 'ஹோம் ஆஃப் த பிரேவ்' என்று ஒரு பாட்டு. பானி அண்ட் த ட்ரெஷர்ஸ் என்று போட்டிருக்கும், தயாரிப்பு ஜெர்ரி ரியோபெல். வெகுநாள் பலர் அது ரோனியின் குரல் என்றே நம்பினார்கள். முதல்முறை கேட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பாடியவர் ஷார்லட் ஓ'ஹாரா. அவர் பெயர் தெரிந்த பிறகு திரும்பக் கேட்டேன், குரல் ரோனியுடையதாகக் கேட்கவில்லை. மூச்சு எடுக்கும் இடமே வேறு. அவருக்குச் சொந்தமான மூச்சு அது. ஏஸ் போன்றவர்கள் இப்படிப்பட்ட பாட்டுகளைத் தொகுத்து, பாடியது யார் என்று சிறுபுத்தகத்தில் அச்சடித்து வைக்கிறார்களே, அதற்காகவே அந்த சிடிக்களைக் காசு கொடுத்து வாங்குவேன். பாட்டைவிட அந்தப் பக்கங்களை அதிகம் புரட்டியிருக்கிறேன்.

மழைச்சாலை:

வேலைக்காக டோக்கியோவில் மூன்று வருடம் இருந்தேன். ஒரு பழைய ரெக்கார்டு கடையில் ஜப்பானியப் பாடகர் ஓஹ்டகி எய்ச்சியின் 'எ லாங் வெக்கேஷன்' இசைத்தட்டு கிடைத்தது. 1981. அறுபதுகள் இல்லை, ஜப்பானிய மொழி, ஒரு சொல் புரியாது. ஆனால் முதல் பாட்டிலேயே அந்தச் சுவர் எழுந்து நின்றது. உங்கள் பட்டியலில் இதற்கும் ஒரு இடம் கொடுங்கள்.

கருந்தட்டு:

செவ்வந்தி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். மூச்சு எடுக்கும் இடம்... ஆமாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். ரைட்டியஸ் பிரதர்ஸின் 'சோல் அண்ட் இன்ஸ்பிரேஷன்', 1966. அமெரிக்காவில் முதலிடம். அதை ஸ்பெக்டர் பாட்டு என்றே பல வருடம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரை விட்டு வெளியே வந்த பிறகு பில் மெட்லி தானே தயாரித்தது. கூடவே நின்று பார்த்தவர் கற்றுக்கொண்டு போய்விட்டார்.

பனைமரம்:

நான் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறேன். கோல்ட் ஸ்டார் இருந்த இடத்துக்குப் போய் வந்தேன். சான்டா மோனிகா பூலவார்டும் வைன் தெருவும் சேரும் முனை. ஸ்டுடியோ 1984-ல் மூடிவிட்டார்கள், பிறகு கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. இப்போது வரிசையாகக் கடைகள், முன்னால் வண்டி நிறுத்தும் இடம். அங்கே காரை நிறுத்தி, ஜன்னலை ஏற்றிவிட்டு சோனியும் செரும் பாடிய 'ஐ காட் யூ பேப்' போட்டேன். சோனி பானோ ஸ்பெக்டரிடம் எடுபிடி வேலை செய்து, கை வாத்தியம் தட்டி, தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றவர். ரோனெட்ஸின் 'பி மை பேபி'யில் செர் பின்குரல் பாடியிருக்கிறார். அதே இடத்தில் 1965-ல் இருவரும் தங்கள் பாட்டைப் பதிந்தார்கள். மூன்று நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து காரிலிருந்து துணி மூட்டையோடு ஒரு பெண்மணி இறங்கிப் போனார்.

ஸ்பெக்டர் 2021 ஜனவரியில் சிறைத் தண்டனையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருந்தட்டு அண்ணா, அந்தப் பெட்டி இன்னும் பரணில்தானா?

கருந்தட்டு:

பரணில்தான் இருக்கிறது தம்பி. 'பி மை பேபி' மட்டும் எங்கேயாவது கடையில், காரில் ஓடினால் நின்று கேட்டுவிட்டுப் போவேன். அது ரோனியின் பாட்டு.

எதிரொலி, அந்த மாடிப்படிப் பதிவு இருந்தால் போடுங்கள்.

எதிரொலி:

பழைய ஹார்டு டிஸ்கில் இருக்க வேண்டும் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை தேடிப் பார்க்கிறேன். லிஃப்டை நிறுத்துவதற்கு முன் எடுத்த டேக்கும் அதிலேயே இருக்கும், இரண்டையும் போடுகிறேன்.