அப்பாவின் நீலக்கல் மோதிரம்: உங்கள் வீட்டு நீலத்தின் கதையையும் சொல்லுங்கள்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர் (பதிவைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டு பீரோவில் மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி மோதிரம் ஒன்று இருபத்தைந்து வருடமாகக் கிடந்தது. அப்பாவுக்கு ஏழரைச் சனி நடந்தபோது ஜோசியர் சொல்லி வாங்கிய நீலம். மற்ற கற்கள் மெதுவாக வேலை செய்யும், நீலம் மட்டும் கொடுத்தாலும் கெடுத்தாலும் உடனே என்பார்களே! அதனால் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். கெட்ட கனவு ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலை பாடலீஸ்வரர் கோயிலில் எள் தீபம் ஏற்றிவிட்டு நடுவிரலில் போட்டுக்கொண்டார்.

பதினோராம் நாள் மஞ்சக்குப்பத்தில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அன்று மாலை அம்மா கழற்றி வைத்ததுதான். அப்புறம் யாரும் அதைத் தொடவே இல்லை. என் கல்யாணம் தள்ளிப்போனதற்கும் அந்தக் கல்தான் காரணம் என்றார் பாட்டி.

அப்பா போன பிறகு, இந்தத் தை மாதம் சென்னையில் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள் இசைத்தட்டு வரிகள் மாதிரி மெல்லிய வளைகோடுகள். பூமிக்குள் விளைந்த நீலத்தில் நிற வரிகள் நேராகவும் கோணமாக மடங்கியும் ஓடுமாம். வளைந்திருந்தால் அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடுப் பொடியைத் தீச்சுடரில் உருக்கி வளர்த்த கல். பிரான்ஸில் வெர்னாய் என்பவர் 1902-இல் இந்த முறையில் முதலில் சிவப்புக் கல்லைச் செய்து காட்டினார், சில வருடங்களில் நீலமும் வந்துவிட்டது.

"கண்ணாடின்னு நினைச்சுடாதீங்க. இதுவும் அலுமினியம் ஆக்சைடுதான், நீல நிறத்துக்கு இதிலும் இரும்பும் டைட்டானியமும்தான். பிறந்த இடம்தான் வேறு" என்றார் அவர்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாவம், இது மேலயா இத்தனை வருஷம் பழி போட்டோம்" என்று அழுதுவிட்டார். பூமியில் விளைந்தது என்று சொல்லி விற்ற கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்ததே இரண்டு நாள் கழித்துத்தான்.

புதுச்சேரி, நகைப் பட்டறை வைத்திருப்பவர்

தங்கச்சி, இந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேன். நல்ல நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகும் என்று ஒரு பெரியவர் கிண்ணத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டார். படிகத்துக்குள் இருக்கிற நிறம் பாலில் கரையாது என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

கல்லின் உறுதியைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கெட்டித்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, நீலம் 9. அவ்வளவு கெட்டியான கல்லுக்கு என்ன ஆகிவிடும் என்று, தொழில் பழகிய காலத்தில் கல்லைக் கழற்றாமலே மோதிரத்தை ஒட்ட, பற்றவைக்கும் பொடியும் வெண்காரமும் வைத்துத் தீயை ஊதினேன். வெண்காரம் உருகி கல் மேல் படிந்தது. ஆறியபின் பார்த்தால் முகமெல்லாம் எறும்பு அரித்த மாதிரி சொரசொரப்பு! சூட்டில் வெண்காரம் நீலத்தையும் மாணிக்கத்தையும் அரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மறுபடி பட்டை தீட்டிய கூலியை என் குருநாதர் தன் கையிலிருந்து கொடுத்தார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

அரியாங்குப்பம்

எங்கள் வீட்டில் தாத்தா இலங்கை இரத்தினபுரியிலிருந்து கொண்டுவந்த கல், சாம்பல் கலந்த நீலம், பட்டை தீட்டாமல் முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். "மேகம் படிஞ்ச கல், காசு பெறாது" என்று ஒரு கடையில் தள்ளிவிட்டார்கள். ஒருநாள் மொட்டை மாடியில் வெயிலில் பிடித்தேன். மேலே ஆறு கதிரோடு ஒரு நட்சத்திரம்! கல்லைச் சாய்த்தால் அதுவும் கூடவே நகர்கிறது. ரூட்டைல் என்ற தாதுவின் ஊசிகள் உள்ளே மூன்று திசையில் அடுக்கியிருப்பதால் வருகிற ஒளி அது. அந்த மேகமே அந்த ஊசிகள்தான். டியூப்லைட்டில் தெரியாது, வெயிலோ டார்ச்சோ வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அண்ணா, அம்மாவின் விரலுக்கு அப்பா மோதிரம் பெரிதாக இருக்கிறது. கல்லைக் கழற்றிவிட்டுச் சின்னதாக்கித் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமையே போகலாம் என்கிறார் அவர்.