மறு: ஓவர்லோடுக்குத் தமிழ்ச் சொல்: 'மீறுபாரம்' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ரயில் பெட்டிச் சாக்கெட் அருகே ஒட்டும் எச்சரிக்கையில் ஓவர்லோடுக்கு 'மீறுபாரம்' என்று எழுதலாம் என்ற யோசனைக்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ரயில் பெட்டி எச்சரிக்கைக்கு 'மின்கசிவு அபாயம்' என்றே போடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் தப்பான பொருளில் தெரிந்த சொல். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வீட்டு வயரிங்கும் விசைப்படகு வயரிங்கும் பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை எரிந்தாலும் குடிசை எரிந்தாலும் நம் செய்தித்தாள்களில் 'மின்கசிவு காரணமாக' என்றே வருகிறது. வயரின் உறை கெட்டு, மின்சாரம் போகக்கூடாத வழியில் இரும்புக்கோ தரைக்கோ இறங்கினால் அது கசிவு. மின்சாரம் வரும் ஃபேஸ் வயரும் திரும்பும் நியூட்ரல் வயரும் நேராக ஒட்டிக்கொண்டால் குறுக்குச்சுற்று. சாக்கெட்டோ வயரோ தாங்குகிற அளவைத் தாண்டி இழுத்தால் ஓவர்லோடு. மூன்றும் வேறு வேறு நோய். முதல் இரண்டும் பெரும்பாலும் பராமரிப்பில் வரும் கோளாறு. ரயிலில் பயணியின் கையில் இருப்பது மூன்றாவதுதான், அதற்குத்தான் நம்மிடம் வாயில் நிற்கிற சொல் இல்லை.

போன ஆடி அமாவாசைக்கு மறுநாள் இரவு ராமநாதபுரத்தில் சென்னை ரயில் ஏறினேன். எதிரே ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடித் திரும்பும் ஒரு குடும்பம். ஈரச் சேலையை மேல் பெர்த் கம்பியில் காயப்போட்டிருந்தார்கள். ஜன்னலோரச் சாக்கெட்டில் ஒரு மல்டிபிளக், அதில் இரண்டு போன், மூன்றாவதாகக் கெட்டில். பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்க வெந்நீர். சத்திரக்குடி தாண்டியிருப்போம், பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வந்தது. மல்டிபிளக்கின் அடிப்பக்கம் டீக்கறை போலப் பழுத்திருந்தது.

"அம்மா, அதக் கழட்டிடுங்க, மின்கசிவு ஆயிரும்" என்றேன்.

அந்தப் பாட்டி நிதானமாகச் சொன்னார்: "கசிவுன்னா அவங்க வயரு சரியில்லன்னுதான தம்பி அர்த்தம்? அத அவங்கல்ல பாக்கணும். எனக்குக் கொஞ்சம் வெந்நீர்தானப்பா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் பொருள். பிறகு, "இல்லம்மா, இந்தச் சாக்கெட்டு போனுக்கு உள்ளது. கெட்டில் பாரத்த இது தாங்காது" என்றதும், "பாரம் தாங்காதா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று அவரே எழுந்து பிடுங்கினார். பிளக்கின் பின்னைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியவில்லை.

அந்தச் சாக்கெட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லின் எல்லை அதில்தான் இருக்கிறது. பல பெட்டிகளில் சார்ஜிங் சாக்கெட்டுக்கு வருவது 110 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த 1500 வாட் கெட்டில் அதில் 340 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். அதனால் தண்ணீர் கொதிக்க நாலு மடங்குக்கு மேல் நேரம் ஆகும், கெட்டில் அத்தனை நேரமும் செருகியே கிடக்கும். 20 வாட் போன் சார்ஜர் இழுப்பது 0.2 ஆம்பியர் போல. கெட்டில் 3 ஆம்பியர். மின்னோட்டம் 15 மடங்கு கூடினால், அதே இணைப்பில் உண்டாகும் சூடு 15ஐ 15ஆல் பெருக்கியது, அதாவது 225 மடங்கு. ஆயிரம் பேர் செருகிப் பிடுங்கித் தளர்ந்த சாக்கெட், போதாததற்கு நம் பக்கத்து உப்புக்காற்றில் பித்தளைத் தகட்டில் ஏறிய களிம்பு. போனுக்கு இது ஒன்றும் செய்யாது, கெட்டிலுக்கு அதே இடம் அடுப்பாகிவிடும்.

> மிகைப்பளு என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அதைத் தள்ளவில்லை. ஆனால் 'மிகை' அளவை மட்டும் சொல்கிறது. 'மீறு' அளவையும் சொல்கிறது, விதியையும் சொல்கிறது. மீறுபாரம் வினைத்தொகை: மீறிய பாரம், மீறுகின்ற பாரம், மீறும் பாரம். எரிந்தபின் எழுதும் அறிக்கைக்கும் பொருந்தும், எரியுமுன் ஒட்டும் எச்சரிக்கைக்கும் பொருந்தும்.

இன்னொன்று, சொல்லோடு வரும் வினை. கசிவு 'ஏற்படும்'. பாரம் 'ஏற்றப்படும்'. பாம்பன் பக்கம் வத்தை என்னும் மீன்பிடிப் படகில் வலையும் ஐஸும் கூடிப்போனால் "பாரம் மீறிப்போச்சு, இறக்கு" என்பார்கள். ஏற்றியவர்தான் இறக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. 'இந்தச் சாக்கெட் போன், லேப்டாப்புக்கு மட்டும். மீறுபாரம் ஏற்றாதீர்' என்று எழுதினால் யாரிடம் பேசுகிறோம் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

இழையில் ஒருவர் மதுரை விபத்தை எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் 9 பேர் இறந்தார்கள். நெஞ்சை உலுக்கிய சம்பவம், ஆனால் அங்கே தீக்குக் காரணம் உள்ளே கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டர். பயணியின் நடத்தை என்ற வகையில் அதுவும் ஓவர்லோடும் உறவு, சொல் என்ற வகையில் இல்லை. அதை மீறுபாரத்துக்குக் கீழே எழுதினால் நாமும் 'மின்கசிவு' செய்த தவறையே செய்வோம். 2021 மார்ச்சில் மேற்கு ரயில்வே இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் சாக்கெட்டுகளை நிறுத்தத் தொடங்கியது, அதுதான் நம் பேச்சுக்கு நெருக்கம். எதற்கு நிறுத்துகிறார்கள் என்று ஒரே சொல்லில் சொல்ல முடிந்தால் பயணிகளின் எரிச்சல் பாதி குறையும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து

——

அனைவருக்கும் வணக்கம். என் முந்தைய மடலுக்கு வந்த இரண்டு மறுப்புகளுக்கு மட்டும் பதில்.

> பாரம் வடசொல். மின்வாரியமே மின்பளு என்கிறது. மீறுபளு என்றால் என்ன குறை?

குறை இல்லை. பாடநூலுக்கும் அகராதிக்கும் 'மீறுபளு' எனக்குச் சம்மதம். ஆனால் எங்கள் கரையில் பளு என்றால் பையன்கள் ஜிம்மில் தூக்குவது. பாரம் என்றால் கட்டுமரத்தில் போகிறவருக்கும், உப்பளத்தில் கூடை சுமக்கிற அக்காவுக்கும் உடம்பில் தெரியும். பெட்டிச் சுவரில் ஒட்டுகிற தாளில் அந்தச் சொல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகவே கேட்கிறேன். 'மீறு' மட்டும் எதிலும் விட்டுப்போகக் கூடாது.

> எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழவில்லையே, பிறகு எப்படி ஓவர்லோடு ஆகும்?

நல்ல கேள்வி. எம்சிபி காப்பது பல சாக்கெட்டுக்குப் போகும் லைனை. கெட்டிலின் 3 ஆம்பியர், அந்த லைனுக்குப் பொருட்டே அல்ல, அந்த ஒரு தளர்ந்த சாக்கெட்டுக்குத்தான் மீறியது. எனவே வரையறையை இப்படி வைத்துக்கொள்வோம்: 'ஒரு மின்பாதையில் எந்த உறுப்பு மிகக் குறைவாகத் தாங்குமோ, அதன் அளவைத் தாண்டி இழுக்கப்படும் மின்பாரம்.' வத்தையிலும் முதலில் விடுவது பலகை அல்ல, நடுவில் இற்றுப்போன ஒரு ஆணிதான்.

லூஸ் கான்டாக்டுக்கு 'நெகிழிணைப்பு' என்று ஒருவர் தனி மடலில் அனுப்பியிருக்கிறார். அதற்கு வேறு இழை திறக்கிறேன். களிம்பையும் அங்கே பேசுவோம்.