மறு: ‘கன்ட்ராக்‌ஷன்’ – சுருக்கமா, இறுக்கமா, இறுக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பேறுகாலத்தில் கருப்பைத் தசை விட்டு விட்டு இறுகுவதை ஆங்கிலத்தில் ‘கன்ட்ராக்‌ஷன்’ என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவிட்டு எழுதாமல் வைத்துவிடுகிறேன். இன்றும் எழுதாவிட்டால் தூக்கம் வராது. முப்பது ஆண்டு தாதியாக இருந்தவள் நான், அதில் பாதிக்கு மேல் பேறுகால அறையில். இப்போது சுங்கை சிப்புட்டில் ஓய்வில் இருக்கிறேன். இலக்கணத்தில் பிசகினால் பினாங்கு ஐயா திருத்தட்டும். அந்தத் தசை என்ன செய்கிறது என்பதை என் கை அறியும்.

ஈப்போ தம்பி தொடக்கத்தில் கேட்டது இது:

> கர்ப்பிணிகளுக்கான கையேட்டில் ‘கன்ட்ராக்‌ஷன்’ வரும் இடமெல்லாம் ‘பிரசவ வலி’ என்று போட்டுவிடலாமா? எல்லாருக்கும் புரியுமே.

போடக்கூடாது தம்பி. புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும்.

பல ஆண்டுக்கு முன்னால் என் அக்காள் மருமகளுக்கு 31 வாரம். செம்பனைத் தோட்டத்தில் இருந்தாள். மாதச் சோதனைக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, மலாயில் கேட்டாள்: “அடா சாக்கிட்?” வலி இருக்கிறதா என்று. இவள் “தாக் அடா”, இல்லை என்றாள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது சாதாரணமாகச் சொல்கிறாள்: “சின்னத்தே, காலையிலேருந்து வயிறு கல்லு மாதிரி ஆயி ஆயி விடுது.” கையை வைத்தேன். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைத்தது. மூன்றாம் நாள் பிறந்தான். இப்போது இரண்டாம் படிவம் படிக்கிறான்.

அந்த ஊசியின் வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பேறு எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாள் நிறையாமல் பிறந்து மூச்சுவிட முடியாமல் போகவேண்டிய குட்டிகள், ஸ்டீராய்டு பெற்றிருந்ததால் மூச்சுவிட்டதைக் கண்டார். 1972இல் அவரும் ஹோவி என்பவரும் மனிதத் தாய்மாரிடம் செய்த சோதனையை வெளியிட்டார்கள். இன்று 34 வாரத்துக்கு முன்னால் பேறு நெருங்கினால் உலகெங்கும் அந்த ஊசிதான். ஆனால் போட நேரம் வேண்டும். நேரம் கிடைப்பது, முதல் கேள்விக்கு வரும் பதிலில் இருக்கிறது.

அன்று அந்த மிஸ்ஸி பொய்யாகக் கேட்கவில்லை, என் மருமகளும் பொய் சொல்லவில்லை. வலிக்கவில்லை, ஆகவே வலி இல்லை என்றாள். கேள்வியில் இருந்த சொல் தவறு. “பெருட் கெராஸ்?” என்று கேட்டிருந்தால், வயிறு கெட்டியாகிறதா என்று கேட்டிருந்தால், உடனே ஆமாம் என்றிருப்பாள்.

ஆகையால் நம் சொல்லுக்குள் ‘வலி’ வரவே கூடாது என்பது என் முதல் வேண்டுகோள். முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு வலி இல்லை, ஆனால் தசை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

அடுத்து பினாங்கு ஐயா:

> ‘சுருக்கம்’ ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. தசைச் சுருக்கம், கருப்பைச் சுருக்கம். இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, பாடநூலில் அது சரி. பேறுகால அறையில் எனக்கு அது இடறுகிறது. ஒரு காரணம்: நிறைமாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, பிள்ளை பெற்ற பின் ஆறு வாரத்தில் அறுபது கிராம் அளவுக்குத் திரும்புகிறது. ‘கருப்பை சுருங்கிடுச்சா?’ என்று தாய்மார் கேட்பது அதைத்தான். அந்த மாற்றத்துக்குச் ‘சுருக்கம்’ அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை எடுத்து வேறொன்றுக்குப் போட்டுவிட்டால் இதற்கு என்ன போடுவோம்? இன்னொன்று, அடைப்பினால் குழாய் குறுகினாலும் சுருக்கம், தோலில் விழும் கோடும் சுருக்கம், நாளிதழில் வருவதும் செய்திச் சுருக்கம்.

கிள்ளான் தங்கை ‘இறுக்கம்’ என்றாள். நெருங்கிவிட்டாள். பெண்கள் ‘வயிறு இறுகுது’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இறுக்கம் ஒரு நிலை, எண்ண முடியாது. நாங்கள் செய்வது எண்ணும் வேலை. வயிற்றின் மேல் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று பார்ப்போம். பேறு எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவைக்கும் பேற்று வரைபடத்தில் அதற்கென்று கட்டங்கள் உண்டு. 20 விநாடிக்குக் குறைந்தால் புள்ளி வைப்போம், 20 முதல் 40 வரை சாய்கோடு, 40ஐத் தாண்டினால் கட்டம் முழுக்கக் கறுப்பு. பேறு சூடு பிடித்த நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு வரும். ஐந்துக்கு மேல் போனால் கவலை. ஏனென்றால் தசை இறுகும்போது நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அது விடும் இடைவேளையில்தான் பிள்ளைக்கு மூச்சு. ‘பத்து நிமிடத்தில் மூன்று இறுக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஏற்கவில்லை.

அதனால் நான் முன்வைப்பது இறுக்கு.

முறுக்கு, அடுக்கு, பூட்டு போல வினையடியே பெயராக நிற்கும் சொல். ஒரு இறுக்கு, இரண்டு இறுக்கு. ஒரு இறுக்குக்கும் மறு இறுக்குக்கும் நடுவே இடைத்தளர்வு. அந்த இடைத்தளர்வின்போதும் தசையில் கொஞ்சம் மிச்சமிருக்குமே, அதற்குத் தங்கையின் சொல்லையே வைத்துக்கொள்வோம்: அடிநிலை இறுக்கம். இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

கருப்பை தானாக இறுகுகிறது, அதனால் தன்வினையிலிருந்து ‘இறுகல்’ என்றே வரவேண்டும் என்று ஐயா மறுக்கக்கூடும். யோசித்தேன். இறுகல் என்றதும் எனக்குச் சிமெண்டு நினைவு வருகிறது, இறுகினால் இறுகினதுதான். இது இறுகி விடுகிறது. தவிரவும் கருப்பை தான் இறுகுவதோடு உள்ளே இருப்பதையும் இறுக்குகிறது. கருப்பையின் மேல்பகுதியில் தொடங்கி அலை கீழே இறங்குகிறது, மேலே வலுவாக, கீழே மெலிவாக. அப்படி இருப்பதால்தான் பிள்ளை கீழ்நோக்கி நகர்கிறது. பிறவினை பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

கையை மடக்கினால் புயத்தசை குறுகும். நீட்டினால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். கருப்பையின் மேல்பகுதித் தசை அப்படி முழுக்கத் திரும்புவதில்லை. ஒவ்வொரு இறுக்கு முடிந்ததும் தளர்கிறது, ஆனால் குறுகியதில் கொஞ்சத்தைத் தனக்கு வைத்துக்கொள்கிறது. அடுத்த இறுக்கில் இன்னும் கொஞ்சம். மேல்சுவர் தடித்துக்கொண்டே போகிறது, கீழ்ச்சுவர் மெலிகிறது, கருப்பை வாய் மேலே இழுபட்டு மெலிந்து, பத்து செண்டிமீட்டர் வரை திறக்கிறது. லயத்து வீட்டில் இருந்த காலத்தில் கிணற்றில் தண்ணீர் சேந்துவோம். ஒரு கை இழுக்கும், மறு கை பிடிக்கும். இழுத்த கயிறு திரும்ப இறங்காது. இடையில் கை ஓய்ந்தாலும் வாளி அதே உயரத்தில் நிற்கும். அந்தப் பிடிதான் இது. ஆங்கில நூல்கள் இதற்குத் தனிச்சொல் வைத்திருக்கின்றன. நாம் இரண்டையும் ‘சுருக்கம்’ என்றே எழுதிவந்தால், எட்டு மணி நேரம் விட்டு விட்டு இறுகிய தசை எப்படி வாயைத் திறந்தது என்பதைத் தமிழில் விளக்கவே முடியாது.

இதற்கு பிடிகுறுக்கம் என்று வைத்துப் பார்த்தேன். பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் குறுக்கம். வினைத்தொகை, ஆகவே நடுவே ‘க்’ மிகாது. இதை ஐயா உறுதிசெய்ய வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகும் உயிரைக் காப்பது இந்தப் பிடிகுறுக்கம்தான். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் ஓடுகிறது. நச்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்களின் இடையே அவை போவதால், தசை பிடித்துக் குறுகியதும் நசுங்கி அடைபடுகின்றன. பிடிக்காமல் தசை துவண்டு கிடந்தால் இரத்தம் நிற்காது. தொப்புளுக்குக் கீழே உருண்டு கெட்டியாக வரவேண்டியது மாவு மாதிரி கிடக்கும். நான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே, கருப்பையை இறுகவைக்கும் மருந்தான ஆக்சிடோசின் எங்கே என்று கத்திய இரவுகள் உண்டு. இந்தத் துவளலுக்கும் நல்ல இடைத்தளர்வுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆக்சிடோசினுக்கு ‘விரைபேற்றி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கிரேக்கப் பெயரின் பொருளே விரைந்த பேறு என்பதால் பொருத்தம்தான். ஆனாலும் மருந்தின் பெயரை அப்படியே விடுவோம். ஊசிக் குப்பியில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாக ஒலிக்க வேண்டும்.

கடைசியாக, மாதக்கணக்கில் வந்து வந்து போகிற, வாயைத் திறக்காத இறுக்குகள். பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872இல் விவரித்தவை. நம் பாட்டிமார் ‘சூட்டு வலி’ என்பார்கள், சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். கையேடுகள் ‘பொய் வலி’ என்கின்றன. அந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். நள்ளிரவில் வந்த பெண்ணிடம் ‘பொய் வலிம்மா’ என்றால், தான் பொய் சொன்னதாகத் தலை குனிந்து போகிறாள். அடுத்த முறை மெய்யாக வரும்போது வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். இவற்றுக்கு ‘ஒத்திகை’ என்று நீ சொன்னது அழகாக இருக்கிறது தங்கை. ஆனால் 31 வாரத்தில் ஒத்திகை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டால்? தொடுக்காத பூவை உதிரிப்பூ என்பதுபோல் ‘உதிரி இறுக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த அறையில் உதிரம் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிட்டால் ஆபத்து. கைவிட்டேன். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் தேடுங்கள்.

போன வாரம் அண்டை வீட்டு மகளின் வயிற்றில் அவள் கையையே எடுத்து வைத்து, “இந்தா, இது ஒரு இறுக்கு. விட்டதும் மணி பாரு” என்றேன். வேறு விளக்கம் சொல்லவில்லை. நேற்றுக் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்: “ஆன்ட்டி, ராத்திரி முழுக்க நாலே இறுக்குதான். ஒழுங்கா வரல. இன்னிக்குப் போகணுமா?”

அவளுக்கு 38 வாரம். மற்றக் கேள்விகளையும் கேட்டுவிட்டு, சாப்பிடு, எண்ணிக்கொண்டே இரு, நெருங்கி வந்தால் கூப்பிடு என்றேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து