மட்டக்களப்பு ஹெர்மிஸ்: ஒற்றைச் சிலிண்டரில் காற்றோடு இறங்கலாமா?

பாரைமீன்:

வணக்கம். மே மாதம் மட்டக்களப்பு போகிறேன். இரண்டாம் உலகப்போரில் அங்கே மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கமே. அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ் இரண்டும் உண்டு. பதிவேட்டில் 64 டைவ், அதிகபட்ச ஆழம் 31 மீட்டர். மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று செலவாகிறது.

"அலுமினியம் 80 (வழக்கமான வாடகைச் சிலிண்டர்) ஒன்று, சாதாரணக் காற்று, கீழே பத்து நிமிடம், உடனே மேலே" என்று ஒரு யோசனை சொன்னார்கள். இது சரிவருமா? காற்றுக்குப் பதில் நைட்ராக்ஸ் 32 எடுத்தால் மேலா? சரிவராது என்றால் அதே கரையில் வேறு எந்தக் கப்பலில் இறங்கலாம்?

மட்டுநகரான்:

தம்பி, முதலில் நைட்ரொக்ஸ் கதையை முடித்துவிடுவோம். ஹெர்மிஸ் கிடக்கிற மணல் 53 மீட்டர். எங்கட மீனவர் கணக்கில் 29 பாகம். அங்கே அழுத்தம் 6.3 பார். 32 சதவீதக் கலவையில் ஒக்சிஜன் அழுத்தம் 2.0-ஐத் தொடும். நீந்தும்போது 1.4-ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் எல்லாருக்கும் கற்பிக்கிற எல்லை. தாண்டினால் முன்னறிவிப்பு இல்லாமலே வலிப்பு வரலாம். வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றால் அடுத்த மூச்சு தண்ணீர்தான். ஆகவே நைட்ரொக்ஸ் 32-ஓடு போகக்கூடிய ஆழத்தின் எல்லை 33 மீட்டர். ஹெர்மிஸின் உச்சி விளிம்புக்கே 40 மீட்டரைத் தாண்டவேணும். ஆகவே அந்தச் சிலிண்டரோடு கப்பலைத் தொடவே ஏலாது.

காற்றில் ஒக்சிஜன் 1.3-இல் நிற்கும், அதில் பிழையில்லை. பிரச்சினை ஆழத்தில் நைட்ரஜன் தருகிற போதை போன்ற மயக்கமும் வாயுவின் அடர்த்தியும். அந்த ஆழத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 8 கிராம். 5.2-க்குள் வைத்திருப்பது நல்லது, 6.2-ஐ எக்காரணத்துக்கும் தாண்டாதே என்பதே இப்போதைய பரிந்துரை. அடர்த்தி கூடக்கூட மூச்சை வெளியேற்றுவதே வேலையாகிவிடும், கரியமிலவாயு உடம்பில் தங்கும். நீரோட்டத்துக்கு எதிராகப் பத்து உதை உதைத்தால் போதும், மூச்சு வாங்கும், மயக்கம் இரட்டிப்பாகும். அந்த மயக்கம் பெரும்பாலும் சந்தோஷமாக வராது. அழுத்தமானியைப் பார்ப்பீர்கள், முள் 110-இல் நிற்கும், கையைக் கீழே விடுவீர்கள், எவ்வளவு இருந்தது என்று நினைவிருக்காது. திரும்பப் பார்ப்பீர்கள், திரும்ப மறக்கும். இதற்கிடையில் ஒரு நிமிடம் போய்விடும்.

இன்னொன்று. 1942 ஏப்ரல் 9 காலை, தன் விமானம் ஒன்றுகூட மேல்தளத்தில் இல்லாத நிலையில் ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது இந்தக் கப்பல். 307 பேர் இறந்தார்கள். அது ஒரு கல்லறை. போகிறவர்கள் அந்த நினைப்போடு போகவேணும். உள்ளே நுழைவதோ, ஒரு ஆணியைத் தன்னும் எடுப்பதோ கூடாது. அடியில் வெடிக்காத குண்டுகளும் கிடக்கலாம், கை வைக்காதீர்கள்.

நீலத்திரை:

மயக்கத்தை ஒதுக்கிவிட்டுக் காற்றின் அளவை மட்டும் பார்த்தாலும் அந்த யோசனை நிற்காது.

அலுமினியம் 80-இன் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் 2,220 லிட்டர். முதலில் அவசர இருப்பை ஒதுக்குங்கள்: 50 மீட்டரில் துணையின் காற்று நின்றுபோகிறது, இருவரும் உங்கள் சிலிண்டரில். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர். கீழே நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற்றம், அதற்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல். கூட்டிப் பார்த்தால் 1,500 லிட்டரைத் தாண்டும். அதாவது 137 பார் தொடாமல் இருக்க வேண்டும். மிச்சம் 63 பார், 700 லிட்டர். இறங்கவே 175 லிட்டர் போகும். கீழே உங்கள் செலவு நிமிடத்துக்கு 120 லிட்டர். கப்பலில் கிடைப்பது நான்கு நிமிடம் சொச்சம். இதில் ஒரு நிறுத்தத்துக்குக்கூடக் காற்று ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பத்து நிமிடம் இருந்தால் கட்டாய டிகோ நிறுத்தங்கள் வரும், அதாவது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் நின்று காத்திருப்பது. 50 மீட்டரில் காற்றுக்கு நிறுத்தமில்லா நேரம் ஐந்து நிமிடத்தைச் சுற்றித்தான். "எல்லாம் சரியாக நடந்தால் மேலே வந்துவிடலாம்" என்பது உண்மைதான், பலர் வந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிழிந்தால் அந்தத் திட்டத்தில் இருவருக்குமான வழி இல்லை. உங்களுக்கு அதைச் சொன்னவர்களிடம் இந்த 137 பார் எங்கே என்று கேளுங்கள்.

கடல்காகம்:

முறையாக இறங்குகிறவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு இலக்கு தெரியவேண்டும் அல்லவா.

பின்முதுகில் இரட்டை 12 லிட்டர் சிலிண்டர், இரண்டையும் பிரிக்க இடையில் அடைப்பான். கலவை ட்ரைமிக்ஸ் (ஆக்ஸிஜன், ஹீலியம், மிச்சம் நைட்ரஜன்) 21/35 அல்லது 18/45; முதல் எண் ஆக்ஸிஜன் சதவீதம், அடுத்தது ஹீலியம். 21/35-இல் 53 மீட்டரில் அடர்த்தி 5.7 கிராம், மயக்கம் 31 மீட்டரில் காற்று சுவாசிப்பதற்குச் சமம். 18/45-இல் அடர்த்தி 5.0, மயக்கம் 25 மீட்டர் அளவு. நான் இரண்டாவதையே சொல்வேன், நீரோட்டம் உள்ள இடத்தில் அந்த 0.7 கிராம் தெரியும். செலவு அதிகம்தான்: இரட்டைச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 18/45-க்கு 2,160 லிட்டர் ஹீலியம் வேண்டும். பல வாரம் முன்பே சொல்லிவைத்து உறுதிப்படுத்தாமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

இடப்பக்கம் ஒரு அலுமினியம் 80-இல் நைட்ராக்ஸ் 50. 21 மீட்டரில் மாற்றுவது. சிலிண்டரின் மேல் "21" என்று பெரிய எண்ணில் டேப் ஒட்டியிருக்க வேண்டும், துணை பார்க்கும் பக்கமாக. மாற்றும்போது துணை அந்த எண்ணையும், குழாய் அதே சிலிண்டரிலிருந்துதான் வருகிறது என்பதையும் கண்ணால் பார்த்துத் தலையசைத்த பிறகே வாயில் வைப்பது. தவறான சிலிண்டரை ஆழத்தில் வாயில் வைத்ததால் இந்த வகை டைவில் உயிர்கள் போயிருக்கின்றன. நிரப்பியவர் சொன்ன சதவீதத்தை நம்பாதீர்கள். ஆக்ஸிஜன் அளவியைக் காற்றில் 20.9-க்குச் சரிசெய்து, நீங்களே அளந்து, நீங்களே எழுதுங்கள்.

அடியில் 20 நிமிடம் என்றால் மொத்தம் 50 நிமிடத்தைத் தொடும். மேலேறுவதன் பெரும்பகுதி 9, 6 மீட்டரில் கழியும். சரியான அட்டவணையை உங்கள் மென்பொருளில் உங்கள் அமைப்புக்குப் போட்டு, கூடவே 3 மீட்டர் ஆழமாகவும் 5 நிமிடம் நீளமாகவும் போனால் என்ன என்பதையும் எழுதிக் கையில் கட்டுங்கள். இரட்டை 12-இல் அவசர இருப்பு 70 பார், 21 மீட்டர் வரை இருவரையும் கொண்டுவர.

கயிறுதான் அடுத்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர், சுற்றிலும் வெறும் நீலம். 15–20 கிலோ எடை, 65 மீட்டருக்குக் குறையாத கயிறு, மேலே பெரிய மிதவை. எடை கப்பலின் பக்கத்தில் மணலில் விழவேண்டும், இரும்புக்கு நடுவே விழுந்தால் எடுக்க முடியாது. மிதவை நீருக்குள் இழுபட்டு மூழ்கினால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போராடி இறங்கினால் அடியைத் தொடும்போதே கரியமிலவாயு ஏறியிருக்கும்.

கப்பல் இடப்பக்கம் சாய்ந்து கிடப்பதால் மேல்தளம் சுவர்போல நிற்கும். பழகாத கண்ணுக்கு எது மேல், எது கீழ் என்று குழம்பும். குமிழி போகும் திசையையும் கம்ப்யூட்டரையும் மட்டும் நம்புங்கள். கயிறு கட்டிய இடத்தில் மின்னும் விளக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். 180 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல், முழுவதையும் ஒரே டைவில் சுற்ற ஆசைப்படாதீர்கள். மீன்வலைகள் சிக்கிக் கிடக்கும், வெட்டும் கருவி இரண்டு, இரண்டு கைக்கும் எட்டுகிற இடத்தில்.

பாரைமீன்:

137 பார் கணக்கைப் பார்த்த பிறகு கேட்க எதுவும் இல்லை. ஹெர்மிஸ் இந்த முறை இல்லை, முதலில் பயிற்சி. அப்படியானால் 30 மீட்டருக்குள் என்ன பார்க்கலாம்?

மட்டுநகரான்:

நல்ல முடிவு தம்பி. பிரிட்டிஷ் சார்ஜன்டுக்குப் போங்கள். எண்ணெய்க் கப்பல், 1922-இல் கட்டியது, ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் அதே விமானப் படையால் மூழ்கியது. இதில் எல்லாரும் படகில் தப்பிவிட்டார்கள். பாசிக்குடாப் பக்கம் இருந்து படகில் போகலாம், அடி 24 மீட்டர். உடைந்து கிடக்கிற கப்பல், களவாவும் செப்பிலியும் கூட்டமாக நிற்கும், மேலே பாரை சுற்றும்.

உங்கள் நைட்ரொக்ஸ் 32 இங்கேதான் பொருத்தம். ஒக்சிஜன் அழுத்தம் 1.1 கூட வராது. காற்றில் 29 நிமிடம் தருகிற அட்டவணை, இதில் 45 நிமிடம் தரும். ஆனால் அந்த 45-ஐ நம்பிக் கிடக்காதீர்கள், உங்கள் மூச்சுக்கு வாயு முதலில் முடியும். 24 மீட்டரில் நிமிடத்துக்கு 68 லிட்டர். இருவருக்குமான இருப்பு, பாதுகாப்பு நிறுத்தத்தோடு சேர்த்து 75 பார். மிச்சத்தில் அடியில் 20 நிமிடம் கிடைக்கும். 75 வந்ததும் கயிற்றை நோக்கித் திரும்புவதில்லை, 75 வரும்போது கயிற்றடியில் நிற்கவேணும். ஆகவே 120-இல் திரும்புங்கள்.

துருத் தூள் மணலோடு கலந்து கிடக்கும், செங்குத்தாக உதைத்தால் பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. தவளை உதை பழகிக்கொண்டு வாருங்கள். தகடுகளின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி, அதில் கை வைக்கிற இடத்தில்தான் சிங்கமீனும் நிற்கும். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைக்கவேணும். படகில் வெந்நீர்க் குடுவை இருக்கா என்று பாருங்கள்.

ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை எங்கட கடலுக்குக் காலம். அதிலும் காலைதான். பகல் ஏற ஏறக் காற்று எழும்பினால் அலைக்குள்ளே தலை தெரியாது. மழை பெய்து களப்புத் தண்ணீர் முகத்துவாரத்தால் வெளியே வந்திருந்தால் கரையோரம் கலங்கும், ஒரு நாள் பொறுங்கள்.

நீலத்திரை:

படகில் ஏறுமுன் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இருக்கிறது என்ற பதில் போதாது. 5 லிட்டர் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் 1,000 லிட்டர்தான், நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 66 நிமிடத்தில் தீரும். கரை சேர்ந்து மருத்துவமனை போகும்வரை காணுமா என்று நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். டைவ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, அன்றைக்கு இயங்குகிறதா என்பதையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் ரெகுலேட்டர் திருகு வகையா, கவ்வி வகையா? வாடகைச் சிலிண்டர்கள் பெரும்பாலும் கவ்வி. திருகு என்றால் இணைப்பியை மறக்காதீர்கள்.

பாரைமீன்:

கவ்வி வகைதான். பாசிக்குடாவில் இரண்டு நாள், நான்கு டைவ், மறுநாள் காலை எல்ல, அங்கிருந்து நுவரெலியா என்று திட்டம். விமானம் மூன்று நாள் கழித்துத்தான், அதனால் பிரச்சினை இல்லையே?

கடல்காகம்:

விமானம் பிரச்சினை இல்லை, மலை பிரச்சினை. எல்ல 1,000 மீட்டருக்கு மேல், நுவரெலியா 1,800-க்கு மேல். மேலே காற்றழுத்தம் குறைவு, உடம்பில் மிஞ்சிய நைட்ரஜன் குமிழியாகலாம்; உடம்புக்கு அது விமான அறைக்குள் ஏறுவது போலத்தான். பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் சமவெளியில் இருக்கச் சொல்வார்கள், ஒரு முழு நாள் கொடுத்தால் இன்னும் நல்லது. கடைசி டைவை இரண்டாம் நாள் காலை 9 மணிக்குள் முடித்து, மறுநாள் மதியத்துக்குப் பிறகு மலை ஏறுங்கள். இல்லையென்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் நுவரெலியா, எல்ல, கடைசியில் பாசிக்குடா. அப்போது விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் கரையில்.