அப்பாவுக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் மறுப்பு: நோய் ராணுவப் பணியால் வந்தது என்று எப்படிக் காட்டுவது?

வேலூர் மகன்:
வணக்கம். அப்பா 17 வருஷ சர்வீஸ் முடித்து 2006-இல் லோ மெடிக்கல் கேட்டகரியில் (முழு உடல்தகுதி இல்லாத நிலையில்) ராணுவத்தை விட்டு வந்தார். ரத்தக் கொதிப்பு, மெடிக்கல் போர்டு 30% ஊனம் என்று போட்டது. சர்வீஸ் பென்ஷன் வருகிறது. டிஸெபிலிட்டி பென்ஷனை (பணியால் வந்த நோய், ஊனத்துக்கான பென்ஷன்) மட்டும் "பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். பீஸ் ஸ்டேஷனில் (எல்லைப் பதற்றம் இல்லாத ஊரில்) இருந்தபோது நோய் ஆரம்பித்ததாம்! அதற்கு முந்தின போஸ்டிங் லடாக். கையில் டிஸ்சார்ஜ் புக்கும் மறுப்புக் கடிதமும்தான் இருக்கின்றன. எதை வைத்து நிரூபிப்பது?

ஓய்வு சுபேதார்:
தம்பி, நிரூபிக்கிற பாரம் அப்பா மேல் இல்லை. 2006-இல் வந்தவருக்கு, இந்தப் பென்ஷன் யாருக்கு என்று சொல்லும் 1982 விதிகள்தான். 9-ஆம் விதிப்படி அவரிடம் ஆதாரம் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆளெடுக்கும்போது எழுதிய மெடிக்கல் பேப்பரில் நோய் எதுவும் குறிக்கவில்லையா? பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். அப்போதே கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், ஏன் என்று காரணம் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காரணம் இருக்கிறதா என்பதில்தான் கேஸே நிற்கிறது.

ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், போர்டு பேப்பர் முழுவதும், போஸ்டிங் விவரம், மூன்றையும் கேளுங்கள்.

வேலூர் மகன்:
நன்றி ஐயா. இப்போது ஒரு இதய டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கட்டுமா? இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, கேட்க முடியுமா?

வக்கீல் குமாஸ்தா:
இன்றைய சர்டிபிகேட் அன்றைய நிலையைச் சொல்லாது, அதற்குச் செலவழிக்காதீர்கள். பேப்பர் வந்ததும் அப்பீல் போடுங்கள். மறுத்தாலோ ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் தாமதமாகப் போனவர்களுக்கு, மனு போட்ட நாளுக்கு முந்தின மூன்று வருஷ நிலுவையை மட்டும் கொடுத்த உத்தரவுகள் நிறைய. அதனால் தள்ளிப் போடாதீர்கள். ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கிக் கொடுப்பது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பைக் காட்டி 30-ஐ 50% ஆக்கவும் அதே மனுவில் கேளுங்கள்.

21.09.2023-க்குப் பிறகு வெளியே வந்தவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் புது விதிகள், கெடுபிடி அதிகம்.

இன்னொன்று, ஆர்.டி.ஐ.யை அப்பா பெயரில், அப்பா கையெழுத்தோடு போடுங்கள். மகன் கேட்டால் மெடிக்கல் பேப்பரைத் தனிப்பட்ட விவரம் என்று மறுக்க வாய்ப்புண்டு.